ஏழு கோல், ஒரு ஆள்: இந்திய ஹாக்கியின் பின்களம் பற்றிச் சில குறிப்புகள்

திருவண்ணாமலையை ஹாக்கி ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் கோவில்பட்டிக்குத்தான். இங்கே பசங்க கையில் கிரிக்கெட் மட்டை இருக்கும், இல்லாவிட்டால் கபடி, வாலிபால். ஆனாலும் 2024 டிசம்பர் கடைசியில், ஏழு வருடம் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கி, அதில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஒரு அணியும் வந்த பிறகு, செங்கம் ரோட்டு டீக்கடைகளில்கூட ஹாக்கிப் பேச்சு கொஞ்சம் காதில் விழ ஆரம்பித்தது. நான் கேட்டவரையில் அந்தப் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்.

"டிஃபன்ஸ் சரியில்லைண்ணே. அவனை எதுக்கு எடுத்தாங்க?"

"டிஃபன்ஸ் இன்னா பண்ணும்? நடுவுல பந்தை விட்டுட்டு வந்தா பின்னாடி இருக்கிறவன் இன்னா பண்ணுவான்?"

"அதெல்லாம் விடு. கோல்கீப்பர் நின்னுட்டு வேடிக்கை பாக்கறான்."

மூன்றே வரிதான். ஆனால் நூறு வருட இந்திய ஹாக்கி வரலாற்றில் ரசிகர்கள் போட்ட சண்டை முழுவதும் இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடும். யாரை எடுத்தார்கள், எங்கே பந்து போனது, கடைசியில் யார் நின்றார். இந்த மூன்றில் நாம் எப்போதும் மூன்றாவதைத்தான் பிடித்துக்கொள்கிறோம். அதனால் சில மனிதர்களுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

ஏலத்தில் பின்களத்தின் விலை

முதலில் இன்றைய கணக்கு. 2024 அக்டோபரில் நடந்த ஏலத்தில் ஒவ்வொரு ஆண்கள் அணிக்கும் 4 கோடி ரூபாய். அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் 8 பேர், மீதி நம்மவர்கள். டிராகன்ஸ் அணி நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சம் கொடுத்தது. அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம். அயர்லாந்து கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம். மூவரும் பின்னால் நிற்பவர்கள். கூட்டினால் 1 கோடியே 34 லட்சம், அதாவது மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. "டிஃபன்ஸுக்குச் செலவே பண்ணலை" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த ஏலத்திலேயே அதிக விலை போனவர் ஹர்மன்பிரீத் சிங், 78 லட்சம். அவரும் பின்கள வீரர்தான். அர்ஜென்டினாவில் பிறந்து இப்போது ஜெர்மனிக்கு ஆடும் கொன்சாலோ பெய்யாட் 68 லட்சம். அவரும் பின்களம். அப்படியானால் ஹாக்கியில் தடுப்பவனுக்குத்தான் மதிப்பு அதிகமா? இல்லை. ஹர்மன்பிரீத், பெய்யாட், யான்சன் மூவரும் பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிப்பவர்கள். அவர்களுக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதி அவர்கள் போடும் கோலுக்கு. தடுக்கும் கோலுக்குக் கொடுத்தது அதில் எத்தனை லட்சம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நின்றுபோன கோலுக்கு ஸ்கோர் போர்டில் இடமே கிடையாதே.

டிராகன்ஸ் அந்த முதல் சீசனில் அரையிறுதி வரை வந்தது. பெங்கால் டைகர்ஸிடம் ஷூட்அவுட்டில் தோற்று, மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்திலும் தோற்று நான்காவதாக முடித்தது. தமிழ்நாட்டின் பெயரில் ஆடிய அணி தமிழ்நாட்டில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. எல்லாமே ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும்தான். நம்மூர் ரசிகர் பார்த்ததெல்லாம் டிவியில். டிவி காட்டுவது பந்து இருக்கும் இடத்தை மட்டும். பந்து இல்லாத இடத்தில் ஒரு பின்கள வீரர் எங்கே நின்றார், யாரைக் கூப்பிட்டார், யாரை விட்டார் என்பது அதில் தெரியாது. கோல் விழுந்த கணத்தில் திரையில் தெரிகிற ஒரே முகம் கோல்கீப்பருடையது. பழி அங்கே போய் ஒட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

31 ஆட்டத்தில் 9 கோல்

இப்போது பழைய கணக்கு. இந்தியா ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆட ஆரம்பித்தது 1928-இல், ஆம்ஸ்டர்டாமில். 5 ஆட்டம், 29 கோல் போட்டார்கள், ஒன்றுகூட வாங்கவில்லை. 1932-இல் 2 கோல் வாங்கினார்கள். 1936-இல் 1, அதுவும் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி போட்டது. 1948-இல் 2. 1952-இல் 2. 1956 மெல்போர்னில் மறுபடி பூஜ்யம்: 38 கோல் போட்டு ஒன்றுகூட வாங்காமல் தங்கம். 1960 ரோமில் 2, அதில் ஒன்று இறுதியில் பாகிஸ்தான் போட்டு நம் தொடர் வெற்றியை நிறுத்திய கோல்.

கூட்டிப் பாருங்கள். ஏழு ஒலிம்பிக், 31 ஆட்டம், மொத்தமே 9 கோல்.

இந்தக் காலத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் தயான் சந்த் பெயர் வரும், பல்பீர் சிங் பெயர் வரும். வரவேண்டியதுதான். ஆனால் பின்னால் நின்றவர் யார்? 1928-லும் அடுத்த இரண்டிலும் ரிச்சர்ட் ஆலன். 1948, 1952, 1956 மூன்று அணியிலும் ரங்கநாதன் பிரான்சிஸ். 1956, 1960, 1964 மூன்றிலும் சங்கர் லட்சுமண்.

இதில் பிரான்சிஸ் நம்ம ஊர்க்காரர். ரங்கூனில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 1975-இல் சென்னையிலேயே இறந்தவர். மூன்று ஒலிம்பிக் தங்கம். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? தெரிந்த நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன், ஒருவர்கூடச் சொல்லவில்லை. சங்கர் லட்சுமண் கதை இன்னும் மோசம். 1966 ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்து பாகிஸ்தானைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கித் தந்த கோல்கீப்பர் அவர். 2006-இல் மாவ் என்கிற தன் ஊரில் வறுமையிலும் நோயிலும் இறந்துபோனார்.

கோல் விழாதபோது கோல்கீப்பர் யாரென்று நாம் கேட்பதில்லை. விழுந்தால் மட்டும் கேட்கிறோம். விழுந்த ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்.

1982 டிசம்பர் 1

டெல்லி ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரில் பாகிஸ்தான். பிரதமர் இந்திரா காந்தி மைதானத்தில். நாட்டில் கலர் டிவி வந்த வருடம். முடிவு 7-1, பாகிஸ்தான் வெற்றி. கோல் கம்பத்துக்கு நடுவே நின்றவர் மீர் ரஞ்சன் நேகி.

அடுத்து நடந்தது பலருக்குத் தெரியும். ஆட்டத்தை விற்றுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. போகிற இடமெல்லாம் ஏச்சு. அவருடைய ஆட்ட வாழ்க்கை கிட்டத்தட்ட அன்றோடு முடிந்தது.

அந்தப் பேச்சில் விட்டுப்போன ஒரு உண்மை உண்டு. எதிரில் நின்ற பாகிஸ்தான் அதே வருடம் ஜனவரியில், அதுவும் நம் பம்பாயில், உலகக் கோப்பையை வென்ற அணி. கலீமுல்லா, சமியுல்லா, ஹசன் சர்தார், ஹனீஃப் கான் எல்லாம் ஒரே முன்களத்தில். அதே உலகக் கோப்பையில் இந்தியா ஐந்தாவது இடம். இரண்டு அணிக்கும் இடையில் ஏற்கெனவே ஒரு தூரம் இருந்தது. டிசம்பர் 1 அன்று அது ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஏழு கோல் விழ வேண்டுமென்றால் பந்து ஏழு தடவை நடுக்களத்தைத் தாண்டி, ஹாஃப் லைனைத் தாண்டி, ஃபுல்பேக்கைத் தாண்டி வந்திருக்க வேண்டும். அத்தனை பேரும் தாண்டவிட்ட பிறகு கடைசியில் நின்ற ஒருவரை மட்டும் நாடு பிடித்துக்கொண்டது.

ஆட்டம் மாறிக்கொண்டிருந்த காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் பழைய அமைப்பு 5 முன்களம், 3 ஹாஃப், 2 ஃபுல்பேக், ஒரு கோல்கீப்பர். புல்தரையில் பந்து துள்ளும், தடுமாறும், வேகம் குறையும். ஒரு ஃபுல்பேக் தவறவிட்டால்கூடத் திரும்பி ஓட நேரம் கிடைக்கும். 1976 மான்ட்ரியலில் முதல்முறையாக ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு வந்தது. இந்தியா ஏழாவது, பதக்கமே இல்லாத முதல் ஒலிம்பிக். செயற்கைத் தரையில் பந்து நேராகவும் வேகமாகவும் ஓடும். இரண்டு பேர் நின்று காப்பாற்றும் காலம் போய்விட்டது. ஆளைப் பிடிப்பதோடு இடத்தையும் காக்க வேண்டும், பதினோரு பேரும் சேர்ந்து காக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நமக்கு முப்பது, நாற்பது வருடம் பிடித்தது. 1980 மாஸ்கோ தங்கத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் கேப்டன், ஆடிய இடம் லெஃப்ட் ஹாஃப். இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக 3-0 என்று முன்னே போய், கடைசியில் 4-3 என்று மூச்சுப் பிடித்து ஜெயித்தோம். ஸ்பெயினின் மூன்று கோலையும் ஹுவான் அமத் என்கிற ஒரே ஆள் போட்டார். தங்கம் வந்ததால் அந்த மூன்று கோலை யாரும் கேட்கவில்லை.

அதே பாஸ்கரன் 2000 சிட்னியில் பயிற்சியாளர். போலந்தோடு ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி. 1-0 என்று முன்னே இருந்தோம். முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து ஒரு கோல் போட்டது. 1-1. நம் இடத்தில் அரையிறுதிக்குப் போன தென் கொரியா வெள்ளி வாங்கியது, நாம் ஏழாவது. கடைசி நிமிடக் கோல் என்பது இந்திய ரசிகரின் அடிமனதில் ஒரு பயமாகவே தங்கிப்போனது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றும்.

யாரை எடுத்தார்கள்?

அணித் தேர்வுச் சண்டையும் இதோடு ஒட்டியதுதான். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் தங்கம் வாங்கினோம். 1966-க்குப் பிறகு, 32 வருடம் கழித்து. இறுதியில் கொரியாவோடு டைபிரேக்கர், அதைக் காப்பாற்றியவர் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால். திரும்பி வந்ததும் தன்ராஜ், பல்லால் உட்பட முக்கியமான பலரை அடுத்த தொடருக்கான அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. அன்று எல்லோரும் தன்ராஜைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பல்லாலைப் பற்றிக் குறைவாக. முன்களம், பின்களம் வித்தியாசம் அங்கேயும் இருந்தது.

அந்த 1998 அணிக்குக் கோல்கீப்பிங் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? மீர் ரஞ்சன் நேகி. நாடு துரத்திய அதே ஆள். 2002 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கிய பெண்கள் அணியோடும் இருந்தார். 2007-இல் வந்த 'சக் தே இந்தியா' படத்தின் நடிகைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

அதே 2007 செப்டம்பரில் சென்னை எழும்பூர் மைதானத்தில் ஆசியக் கோப்பை. இறுதியில் கொரியாவை 7-2 என்று நொறுக்கினோம். கோல் மழை. அணித் தேர்வு பிரமாதம் என்று பேச்சு. ஆறே மாதம்தான். 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 தோற்று, 1928-க்குப் பிறகு முதல்முறையாக ஒலிம்பிக்குக்கே போகாமல் நின்றோம். கோல் போடுவது அணியின் பலத்தைக் காட்டும். எதிரணி நம்மைக் கோல் போடவிடாமல் அடைத்துவிட்ட நாளில் என்ன செய்கிறோம் என்பது வேறு கேள்வி. அதற்கு அன்று நம்மிடம் பதில் இல்லை.

அதே 7-1, வேறொரு நாள்

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். இந்தியா, ஆஸ்திரேலியா. முடிவு 7-1. 1982-இன் அதே எண். கம்பத்துக்கு நடுவே ஸ்ரீஜேஷ்.

இந்த முறை யாரும் அவரை விரட்டவில்லை. அணியும் அவரை மாற்றவில்லை. பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, ஜெர்மனியை 5-4 என்று தோற்கடித்து 41 வருடத்துக்குப் பிறகு பதக்கம். ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைத் தடுத்தவர் ஸ்ரீஜேஷ். பிறகு கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த படம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 7-1 அன்றே அவரை 'முடித்திருந்தால்' அந்தப் படமே கிடையாது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. 2012 லண்டனில் 6 ஆட்டத்தில் 21 கோல் வாங்கி, ஆறிலும் தோற்று, கடைசி இடமான 12-க்குப் போனோம். டோக்கியோவில் 8 ஆட்டத்தில் 23 கோல் வாங்கி வெண்கலம். 2024 பாரிஸில் 8 ஆட்டத்தில் 12 கோல்தான் வாங்கினோம், அங்கேயும் வெண்கலம். ஆகவே வாங்கிய கோலின் எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லிவிடாது. டோக்கியோவில் நாம் போட்டது 25, லண்டனில் 8. ஆனால் டோக்கியோவிலிருந்து பாரிஸுக்கு வரும்போது ஆட்டத்துக்கு ஏறக்குறைய 3 என்பது 1.5 ஆகக் குறைந்தது தற்செயல் இல்லை. பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டன் வந்ததிலிருந்து முதலில் தடுப்பு, பிறகு மற்றதெல்லாம் என்பதையே கொள்கையாக வைத்திருந்தார்.

பாரிஸில் 16 பேர் கொண்ட அணியில் கோல்கீப்பர் ஒரே ஒருவர்தான். கிருஷன் பாதக் வெளியே காத்திருந்தார். காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக இரண்டாவது கால் பகுதியிலேயே அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேர். ஆனாலும் 1-1 என்று பிடித்து ஷூட்அவுட்டில் ஜெயித்தார்கள். என்னைக் கேட்டால், 1956-க்குப் பிறகு இந்தியப் பின்களம் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் அது.

ரோஹிதாஸ் செய்யும் வேலை என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பெனால்டி கார்னரில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால். பந்தை உள்ளே தள்ளியதும் ஐவரில் ஒருவர் அடிப்பவரை நோக்கி நேராக ஓட வேண்டும். முதல் ரஷ்ஷர் என்பார்கள். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடிய பந்துக்கு எதிரே, முகமூடியும் முழங்கால் கவசமும் போட்டுக்கொண்டு ஓடுகிற வேலை. இந்திய அணியில் பல வருடம் அதைச் செய்தவர் ரோஹிதாஸ். தடை காரணமாக அரையிறுதியில் அவர் இல்லை. ஜெர்மனியின் முதல் கோலே பெனால்டி கார்னரில் பெய்யாட் அடித்தது. 2-3 தோல்வி. அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பின்கள வீரரின் மதிப்பு, அவர் இல்லாத நாளில்தான் தெரிகிறது.

2025 டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்தது. அரையிறுதியில் இந்தியப் பையன்கள் ஜெர்மனியிடம் 1-5 தோற்றார்கள். பயிற்சியாளர் யார்? ஸ்ரீஜேஷ். மூன்று நாள் கழித்து அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, 4-2 என்று திருப்பி வெண்கலம் வாங்கினார்கள். ஐந்து கோல் வாங்கிய பையன்களிடம் மூன்று நாளில் என்ன பேசினார் என்பது அவருக்கும் அவர்களுக்கும்தான் தெரியும். ஏழு வாங்கிய மனிதர் என்பதால் அந்தப் பேச்சுக்கு ஒரு எடை இருந்திருக்கும்.

ரசிகர்கள் சண்டை போடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சண்டை போடாத ஊரில் ஆட்டம் வளராது. ஆனால் ஒரு பெயரைச் சொல்லித் திட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். பந்து எங்கே பறிபோனது? எத்தனை பெனால்டி கார்னர் கொடுத்தோம், யார் தப்பால்? அந்த நேரத்தில் களைத்துப்போனவரை மாற்ற பெஞ்சில் ஆள் இருந்ததா? இதைக் கேட்டுவிட்டும் ஒருவரைத் திட்டலாம் என்று தோன்றினால் திட்டுங்கள். அதற்குள் பாதிக் கோபம் இறங்கியிருக்கும்.

கடைசியாக ஒன்று. ரங்கநாதன் பிரான்சிஸ் சென்னை மைதானங்களில் ஆடியதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் இன்று எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தா இருந்தால், அவர் எப்படி நின்றார், எப்படிக் காலை வைத்துப் பந்தை நிறுத்தினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். 9 கோல் மட்டுமே விழுந்த அந்த 31 ஆட்டத்தில், விழாமல் போன கோல்களைப் பற்றிச் சொல்ல அவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை.